ஒரு கணுவுக்கு மேல் போனால் விஷம்

பூக்கார வள்ளி வேங்கிக்காலில் விட்ட அறை, மலையைச் சுற்றி எட்டு லிங்கத்துக்கும் கேட்டது. இந்திர லிங்கத்தில் மணி தானாக ஆடியது. குபேர லிங்கத்துப் பக்கம் மரத்தடியில் கண்மூடி உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர், வந்த காரியம் முடிந்துவிட்டதென்று எழுந்து ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார்.

சரி, கொஞ்சம் ஜாஸ்திதான். வெள்ளைக்காரரை எடுத்துவிடலாம். எட்டு லிங்கத்தில் ஏழைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அறை விழுந்தது நிஜம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்ததும் நிஜம். பேனா நின்றதற்கு மை தீர்ந்ததுதான் காரணம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வள்ளியின் கையைத் தெரியாது.

தேரடித் தெருவில் முப்பது வருஷமாகப் பூ அளக்கிற கை அது. வள்ளியின் முழம் மற்ற பூக்காரிகளின் முழத்தைவிட நாலு விரல் நீளம். இதில் பொய்யில்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். அதனால் அவள் கூடை முன்னால் கூட்டமும் ஜாஸ்தி, பக்கத்துக் கூடைகளில் வயிற்றெரிச்சலும் ஜாஸ்தி. அந்தக் கைக்கு இன்னொரு தொழிலும் உண்டு. கல்யாணமான மூன்றாம் மாதம் குடித்துவிட்டு வந்து தலைமுடியைப் பிடித்த புருஷனை, அவள் பூக்கூடையோடு சேர்த்துச் சுவரில் மோதினாள். பல்லும் புருஷனும் ஒரே நாளில் போனார்கள். இரண்டையும் அவள் தேடவில்லை. கூடையில் வாய் வைத்த காளையை மூக்கில் குத்தினாள். அந்தக் காளை அதற்குப் பிறகு தேரடித் தெருப் பக்கமே வராமல் பின்கோபுரம் வழியாகச் சுற்றிக்கொண்டு போயிற்று.

இப்படி ஊரையே அடித்தாலும், அந்தக் கை அதிகமாக விழுந்த இடம் தருமனின் முதுகுதான். தருமன் அவள் தம்பி. அம்மா செத்தபோது அவனுக்கு ஆறு வயசு, வள்ளிக்குப் பதினெட்டு. அடித்துக் குளிப்பாட்டினாள், அடித்துப் பள்ளிக்கூடம் அனுப்பினாள், பத்தாவதில் தவறியதும் அடித்து ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொள்ள வைத்தாள். அவனுக்கு இப்போது முப்பத்தாறு. இன்றைக்கும் அக்கா தலையைச் சொறியக் கையைத் தூக்கினால் போதும், தருமனின் தோள் இரண்டும் தானாகக் காது வரைக்கும் ஏறிவிடும். அவளுக்கு உலகத்தில் அவன் ஒருவன்தான். அதை அவள் வாயால் சொன்னதில்லை. முதுகில்தான் சொல்லுவாள்.

போன சித்திரா பௌர்ணமிக்கு மறுநாள் காலை, ரமணாசிரமத்துக்கு எதிரே ஆட்டோ ஸ்டாண்டில், சவாரியை இறக்கிவிட்ட தருமன் ஹேண்டில்பார் மேல் அப்படியே கவிழ்ந்தான். ஹாரன் அழுந்திக்கொண்டு விடாமல் கத்தியது. மற்ற டிரைவர்கள் திட்டிக்கொண்டே வந்துதான் அவனுக்கு நினைவில்லை என்று பார்த்தார்கள்.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் ஓவியா என்ற சின்ன வயசு டாக்டரம்மா. ரிப்போர்ட்டைப் பார்த்தார், தருமனைப் பார்த்தார், மறுபடியும் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"சுகர் முந்நூத்தி நாப்பது. ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடறீங்க?"

"காலையில பன்னு, கூல்டிரிங்ஸு. மத்தியானம் சவாரி இல்லன்னா சோறு. சவாரி இருந்தா பிஸ்கெட்டு, சிப்ஸு, அந்த சுடுதண்ணி ஊத்தற நூடுல்ஸு. சாயந்திரம் மறுபடியும் கூல்..."

முதுகில் ஒன்று விழுந்தது.

"அம்மா, இது ஆஸ்பத்திரி!"

"அதனாலதாங்க ஒண்ணோட நிறுத்தினேன்."

டாக்டரம்மா மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு வள்ளியிடம் பேசினார். மாத்திரை எழுதுகிறேன், மாத்திரை மட்டும் போதாது, இப்படியே போனால் ஈரல் தாங்காது, ஆறு மாசம் கழித்து மறுபடியும் பார்ப்போம். "பாக்கெட்ல வர்றதக் குறைங்க. வாங்கியே ஆகணும்னா பாக்கெட்டத் திருப்பிப் பாருங்க. முன்னாடி இருக்கிற படத்த நம்பாதீங்க. உள்ள இன்னின்னது கலந்திருக்குன்னு பின்னாடி ஒரு லிஸ்ட் இருக்கும். லிஸ்ட் நீளமா இருந்தாலே சந்தேகப்படுங்க. ஆனா நீளம் மட்டும் பார்த்தா..."

நீளம் என்ற சொல் காதில் விழுந்ததுமே வள்ளி எழுந்துவிட்டாள். அளக்கிற வேலையை அவளுக்கு யார் சொல்லித் தர வேண்டும்? தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாயிற்று. டாக்டரம்மா சொல்ல வந்த மிச்ச வார்த்தை அந்த அறையிலேயே கிடந்தது. அது வள்ளியிடம் வந்து சேர ஆறு மாசம் பிடித்தது. வந்தபோது கரண்டியோடு வந்தது.

வள்ளி தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்து இரங்கல் விளம்பரம் வரைக்கும் படிப்பவள். ஆனால் பாக்கெட்டின் முதுகில் இருந்ததோ இங்கிலீஷ், அதுவும் எறும்பு ஊர்ந்த மாதிரி. அதனால் அவள் படிக்கவில்லை, அளந்தாள். ஆள்காட்டி விரலை லிஸ்டின் மேல் செங்குத்தாக வைப்பாள். விரலில் ஒரு கணுவுக்குள் லிஸ்ட் அடங்கினால் வாங்கலாம். இரண்டாவது கணுவைத் தொட்டால் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கலாம். மூன்றாவது கணுவுக்குப் போனால் கடைக்காரன் மேல் எறியலாம். சட்டம் அவ்வளவுதான். "ஒரு கணுவுக்கு மேல போனா விஷம்," என்று பூ வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினாள். படித்தவர்கள்கூடத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவள் கையில் பூக்கத்தரி இருந்தது.

முதலில் ஆட்டோவின் பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு பெட்டிக்கடையே இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து அளந்தாள், ஒவ்வொன்றுக்கும் தருமனுக்கு ஒன்று விழுந்தது. க்ரீம் பிஸ்கெட் இரண்டரைக் கணு. சீஸ் உருண்டை மூன்று கணு. ஆரஞ்சுப் படம் போட்ட ஜூஸ் இரண்டு கணு.

"ஜூஸுக்கு எதுக்குக்கா அடிக்கிற? பழந்தான அது?"

"ரெண்டு கணு நீளத்துக்குப் பழம் இருக்குதாடா?"

ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ராஜாதான் அவனுக்குச் சரக்கு கொடுப்பவன் என்று தெரிந்ததும் அங்கே போனாள். கடை முகப்பில் சிப்ஸ் பாக்கெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சரம் சரமாகத் தொங்கின. பூச்சரத்தைப் பார்க்கிற பார்வையோடு வள்ளி அவற்றைப் பார்த்தாள்.

"இன்னாடா ராஜா, முழம் எவ்ளோ?"

"வாங்கக்கா. முழமெல்லாம் இல்லக்கா, பாக்கெட்டு பத்து ரூபா."

அவள் ஒரு பாக்கெட்டைத் திருப்பி விரலை வைத்தாள். மூன்று கணு. அடுத்தது மூன்றேகால். அதற்கப்புறம் அவள் அளக்கவில்லை. இரண்டு சரத்தைச் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பு. சரம் மட்டும் வரவில்லை. சரம் கட்டியிருந்த கம்பி, கம்பி மாட்டியிருந்த பலகை, பலகையிலிருந்த மிட்டாய் ஜாடி நாலு, எல்லாம் வந்தன. கண்ணாடி ரோடு வரை சிதறியது. ராஜா அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். வள்ளி அவன் முழங்கைக்குக் கீழே பல்லைப் பதித்தாள், அவன் சோடா பாட்டிலை எடுக்கும்வரை விடவில்லை. பாட்டில் அவள் தோளில் உடைந்தது. அவளுக்கு ஐந்து தையல், அவனுக்கு ஆறு.

ஸ்டேஷனில் இனிமேல் யாரையும் அடிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வள்ளி அழகான கையெழுத்தில் எழுதினாள்: 'ஒரு கணுவுக்கு மேல் விற்காதவர்களை அடிக்க மாட்டேன்.' ஏட்டு அதை மூன்று தடவை படித்துவிட்டு, எதற்கு வம்பு என்று ஃபைலில் வைத்துவிட்டார்.

இவ்வளவும் ஊரெல்லாம் பரவி வேங்கிக்கால் வரைக்கும் போயிற்று. அங்கே புதுசாக சூப்பர் மார்க்கெட் திறந்திருந்த பரசுராமன் காதிலும் விழுந்தது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, பேச்சில் தேன். வள்ளி அவன் கடை வாசலில் கால் வைத்ததும் பில் போடுகிற பெண்கள் இரண்டு பேர் மேஜைக்கு அடியில் குனிந்தார்கள். பரசுராமன் மட்டும் எழுந்து வந்து கும்பிட்டான்.

"வாங்க வள்ளியக்கா. தம்பிக்கு உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நீங்க அந்தப் பக்கமெல்லாம் போவாதீங்க, உங்களுக்கு டென்ஷன் ஆவும். உங்க விரலுக்குன்னே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்."

பச்சை நிறத்தில் ஒரு டப்பா. மேலே தானியக் கதிர், பேரீச்சம்பழம், ஒரு கலப்பை, மீசை வைத்த விவசாயி. பாலில் கலந்து குடிக்கிற சத்துப் பொடி. திருப்பினான். லிஸ்ட் இரண்டே வரி. வள்ளி விரலை வைத்தாள். முக்கால் கணுகூட வரவில்லை.

ஆறு மாசம், காலையில் ஒரு டம்ளர், சாயந்திரம் ஒரு டம்ளர், தன் கையாலேயே கலக்கிக் கொடுத்தாள். முதல் நாளே தருமன் முகத்தைச் சுளித்தான்.

"இனிக்குதுக்கா."

"பேரீச்சம்பழம் போட்டிருக்கான் பாரு. அந்த இனிப்பு."

"இல்லக்கா, நெஜமா ரொம்ப இனி..."

"அளந்துட்டேன்டா. குடி."

தோள் காது வரைக்கும் ஏறியது. குடித்தான்.

ஐப்பசியில் இரண்டாவது டெஸ்ட். வள்ளி ஜெயித்தவள் மாதிரி புதுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துப் புதுசுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"குறையலம்மா. ஏறியிருக்கு. ஈரலும் வீங்கியிருக்கு. இன்னும் ஒரு வருஷம் இப்படியே விட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

வள்ளியின் காதில் ஆட்டோ ஹாரன் விடாமல் கத்துவது போலிருந்தது. "எல்லாம் என் கையாலதான் குடுக்கறேன். வெளியில இவன் எதையும் தொடறதில்ல. தொட்டியாடா?"

"இல்லக்கா. சத்தியமா. உன் டம்ளர் ரெண்டு. அப்புறம் பதினோரு மணிக்கு ராஜம்மாக்கா வண்டியில ஒரு சொம்பு கஞ்சி. அவ்ளோதான்."

"யாரு ராஜம்மா?"

"அது இருக்கட்டும்மா," என்றார் டாக்டரம்மா, "உங்க டம்ளர்ல என்ன குடுக்கறீங்க? அதச் சொல்லுங்க முதல்ல..."

காலி நாற்காலியிடம்தான் சொன்னார். வள்ளி வராந்தாவைத் தாண்டிவிட்டாள்.

ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்ததும் கைகாட்டினார்கள். ராஜம்மாளின் தள்ளுவண்டி செங்கம் ரோட்டில், ஸ்டாண்டுக்கு இருபது அடி தள்ளி நின்றது. வண்டிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, அதில்தான் மாவு அரைத்து வைப்பது. மோரும் உப்பும் கலந்த கஞ்சி சொம்பில், சத்துமாவு அரைக்கிலோ பாக்கெட்டில். ராஜம்மாள் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இருநூறு பிள்ளைகளை முப்பது வருஷம் ஒரு கரண்டியால் வரிசையில் நிற்க வைத்தவள். இது வள்ளிக்குத் தெரியாது.

வண்டியிலிருந்த பாக்கெட் ஒன்றை எடுத்துத் திருப்பினாள். பின்னாலிருந்த லிஸ்ட் தமிழில்தான் அச்சடித்திருந்தது, நல்ல கொட்டை எழுத்தில். பேப்பர் படிக்கிறவள்தானே, படித்திருக்கலாம். ஆனால் ஆறு மாசத்தில் வள்ளிக்குப் படிக்கிற எண்ணமே விட்டுப்போயிருந்தது. விரலை வைத்தாள். ஒரு கணு. இரண்டு. மூன்று. விரல் முடிந்தும் லிஸ்ட் முடியவில்லை. விரலைத் தூக்கி மறுபடியும் வைக்க வேண்டியிருந்தது. நாலு கணு.

வாழ்க்கையில் நாலு கணுவை அவள் பார்த்ததே இல்லை.

"அடிப் பாவி," என்றாள், மெதுவாகத்தான். அப்புறம் வண்டியை எட்டி உதைத்தாள்.

கஞ்சி அண்டா கவிழ்ந்தது. கொதிக்கிற கஞ்சி ராஜம்மாளின் இடது காலில் முழங்கால் வரைக்கும் ஊற்றியது. ராஜம்மாள் கத்தவில்லை. கீழே விழுந்த கரண்டியை எடுத்தாள். கைப்பிடி ஒன்றரை முழம், முனை தேங்காய் மூடி அளவு, கனத்த இரும்பு. முதல் அடி வள்ளியின் புருவத்தில் விழுந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியதும் வள்ளிக்கு உலகம் பாதிதான் தெரிந்தது. தெரிந்த பாதியில் ராஜம்மாளின் கொண்டை இருந்தது. அதைப் பிடித்து வண்டிச் சக்கரத்தில் மோதினாள். ராஜம்மாள் அவள் காலை வாரினாள். இருவரும் கஞ்சியில் புரண்டார்கள். விலக்க வந்த டிரைவர் ஒருவனுக்கு மூக்கு உடைந்தது. யார் உடைத்தார்கள் என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது. பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கிய தருமன், "அக்கா! அக்கா!" என்று கத்தினான். இரண்டு பேருமே அவனுக்கு அக்கா என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"எந்தம்பிய கொல்லப் பாத்தியேடீ! நாலு கணு வெஷம்! நாலு கணு!"

"இன்னாடி கணு? இன்னா கணு?" ராஜம்மாள் வள்ளியின் பின்னலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு எழுந்தாள். வெந்த காலை இழுத்துக்கொண்டே, வள்ளியையும் இழுத்துக்கொண்டு, தகரக் கூரைக்குள் போனாள். சுவரோரமாக மூடி போட்ட டப்பாக்கள் வரிசையாக இருந்தன. கிழிந்த பாக்கெட்டை வள்ளியின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"தமிழ் படிக்கத் தெரியுமாடி பூக்காரி? படி!"

"மாட்டேன்."

முதுகில் கரண்டி. "படி!"

"கேழ்வரகு," என்றாள் வள்ளி.

ராஜம்மாள் முதல் டப்பாவைத் திறந்து வள்ளியின் கையைப் பிடித்து உள்ளே திணித்தாள். "இது இன்னா?"

"கேழ்வரகு."

"வெஷமா?"

பதில் வருவதற்குள் கரண்டி வந்தது. "அடுத்தது!"

கம்பு. சோளம். தினை. சாமை. வரகு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு டப்பா திறந்தது, ஒரு பிடி தானியம் உள்ளங்கையில் இறங்கியது, ஒரு அடி முதுகில் விழுந்தது. குதிரைவாலிக்குப் பலமாகவே விழுந்தது. பச்சைப்பயறு, கொள்ளு, உளுந்து, பொட்டுக்கடலை. வாசலில் டிரைவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, வரும்போது ராஜம்மாளுக்கு மூச்சு வாங்கி அடி கம்மியாயிற்று. எள், ஏலக்காய், இன்னும் ஒரு ஆறு டப்பா. கடைசியில் சுக்கு.

"இருவத்தோரு சாமான். ஒண்ணையும் ஒளிக்காம எழுதினேன், அதான் நாலு கணு. இதுல உங்கூட்ல இல்லாதது எது? மளிகைக் கடையில போயி ஒரு பிடி குடுன்னு கேட்டா கெடைக்காதது எது? சொல்லுடி!"

வள்ளி கையைப் பார்த்தாள். ரத்தமும் கஞ்சியும் தவிட்டுத் தூசியுமாக அதில் இருபத்தோரு தினுசு ஒட்டியிருந்தது. எல்லாமே அவளுக்குப் பேர் தெரிந்தவை.

"நீ இன்னா குடுக்கற உன் தம்பிக்கு? அதக் கொண்டா பாக்கலாம்."

தருமன் ஆட்டோவுக்கு ஓடிப் பச்சை டப்பாவைக் கொண்டுவந்தான். சாயந்திர டம்ளர் தவறிவிடக் கூடாதென்று வள்ளியே அதை வண்டியில் வைத்திருந்தாள். ராஜம்மாள் இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. மற்றப் பக்கத்தால் படித்தாள்.

"மால்டோ டெக்ஸ்ட்ரின்." நிமிர்ந்தாள். "கொண்டா ஒரு பிடி."

தருமன் சுவரோர டப்பாக்களைத் திரும்பிப் பார்த்தான்.

"எமல்சிஃபயர், நானூத்தி எழுவத்தொண்ணு. நம்பர் போட்டு ஒரு சாமான். உங்கூட்ல நம்பர் போட்ட டப்பா இருக்குதா? கொண்டா ஒரு பிடி. ஃப்ளேவர், அதாவது வாசனை. பேரீச்சம்பழம் இல்ல, பேரீச்சம்பழத்து வாசனை. வாசனைய ஒரு பிடி கொண்டாடி பாக்கலாம்! இந்த லிஸ்ட்லயே நமக்குப் பேர் தெரிஞ்சது ரெண்டுதான். ஒண்ணு பால் பவுடர், அது கடைசிக்கு முன்னாடி இருக்குது. இன்னொண்ணு ரெண்டாவதா இருக்குது. எது முன்னாடி எழுதியிருக்குதோ அதுதான் உள்ள ஜாஸ்தி, தெரியுமா உனக்கு? ரெண்டாவது இன்னா தெரியுமா?"

"இன்னா?"

"சக்கரை. மொதல்ல இருக்கிறதும் வயித்துக்குள்ள போனா சக்கரை மாதிரியேதான் வேலை செய்யும்."

வள்ளி தருமனைப் பார்த்தாள். அவன் கீழே பார்த்துக்கொண்டு நின்றான். 'இனிக்குதுக்கா' என்று அவன் சொன்ன ஒவ்வொரு காலையும் அவளுக்கு நினைவு வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர். ஆறு மாசம். ஊரிலிருக்கிற கடைகளையெல்லாம் உடைத்துவிட்டு வந்து, தன் கையாலேயே கலக்கி, அடித்துக் குடிக்க வைத்தது. புருவத்தில் விழுந்த அடி அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது.

"வண்டிய எடுடா," என்றாள்.

"எங்கக்கா?"

"வேங்கிக்கால்."

ராஜம்மாள் வெந்த காலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு பின்சீட்டில் ஏறி வள்ளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கரண்டியை விடவில்லை. பெரிய கோபுரம் தாண்டும்போது வள்ளி வழக்கம்போலக் கும்பிடக் கையைத் தூக்கினாள். கை முழுக்க ரத்தமாக இருந்தது. இறக்கிக்கொண்டாள்.

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண்கள் இந்தத் தடவை மேஜைக்கு அடியில் போகவில்லை, பின்வாசல் வழியாகவே போய்விட்டார்கள். பச்சை டப்பாக்களை நடுக்கடையில் கூம்பாக, தேர் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். உச்சியில் ஒரு மாலைகூடப் போட்டிருந்தது. மாலை வள்ளியிடம் வாங்கினதுதான்.

"பரசுராமா!"

"அக்கா! இன்னா இது, கண்ணெல்லாம் ரத்தம்? உக்காருங்க, தண்ணி..."

அவள் அடித்தட்டிலிருந்த டப்பாவை உருவினாள். தேர் சரிந்தது. நூற்றுக்கணக்கான டப்பாக்கள் இரும்பு மழை மாதிரி விழுந்தன. ஒன்று பரசுராமனின் கால் கட்டைவிரலில் விழுந்து நகம் பெயர்ந்தது. ஒன்று கண்ணாடிக் கதவில் பட்டு, கதவு மேலிருந்து கீழ் வரைக்கும் பொடிந்து கொட்டியது. ஆள் இரண்டு பேர் உள்ளிருந்து கட்டையோடு வந்தார்கள். ராஜம்மாள் நொண்டிக்கொண்டே முன்னால் போய்க் கரண்டியைச் சுழற்றினாள். முன்னால் வந்தவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டாவது ஆள் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, தனக்கு இங்கே சம்பளம் கம்மி என்றான்.

வள்ளி பரசுராமனின் வெள்ளைச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "சக்கர வியாதிக்காரனுக்குச் சக்கரைய குடுக்க வெச்சியேடா! தெரிஞ்சேதான குடுத்த?"

பரசுராமன் கால் வலியிலும் சிரித்தான். "நான் இன்னாக்கா பொய் சொன்னேன்? டப்பாவுல எல்லாம் எழுதித்தான இருக்குது? நல்லதுன்னு நான் சொன்னேனா? உங்க விரலுக்குச் சரியா இருக்கும்னுதான சொன்னேன்? அளந்து பாத்தது நீங்க."

வள்ளியின் கை எழுந்தது. முப்பது வருஷம் முழம் போட்ட கை. அந்த அறை விழுந்த சத்தத்தில் மேல் தட்டில் மிச்சமிருந்த ஒரே டப்பாவும் உருண்டு விழுந்தது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் பேனா நின்றது. கதை ஆரம்பித்ததே அங்கேதான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கொஞ்சந்தான். உடைத்த கதவுக்காக வள்ளி எட்டு நாள் உள்ளே இருந்தாள். வரும்போது ஒரு கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. ராஜம்மாளின் கரண்டி வேலை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ராஜம்மாளின் கால் ஆற ஒரு மாசம் ஆயிற்று. அந்த ஒரு மாசமும் விடியற்காலையில் வள்ளிதான் அவள் அண்டாவில் கஞ்சி துழாவினாள், அவள் கட்டிலிலிருந்து திட்டிக்கொண்டே இருக்க. டாக்டரம்மாவிடம் போய், அன்றைக்கு விட்டுப்போன மிச்ச வார்த்தை என்ன என்று கேட்டு, நாற்காலியை விட்டு எழாமல் முழுசாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். தை மாசத்து ரிப்போர்ட்டில் தருமனுக்கு சுகர் இறங்கியிருந்தது. ஈரலுக்கு இன்னும் நாளாகும் என்றார்கள், ஆனால் ஆகும் என்றார்கள். இப்போதும் வள்ளி கடைகளில் பாக்கெட்டைத் திருப்புகிறாள். விரலை வைப்பதில்லை. பக்கத்தில் நிற்கிறவர்களைப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு பேருக்கும், "கொண்டா ஒரு பிடி," என்கிறாள். கடைக்காரர்களுக்கு முன்னைவிட இதுதான் பயமாக இருக்கிறதாம்.

பரசுராமன் கன்னத்தில் ஐந்து விரலும் மூன்று மாசம் பதிந்திருந்தது என்பதோடு இதை முடிக்கலாம் என்றுதான் இருந்தது. ஆனால் இதை எழுதிய கிழவி நான் வாசித்துக் காட்டியபோது, வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சொம்புக் கஞ்சியோடு உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்த தருமன், வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"எல்லாம் சரிதான் ஆயா. அந்த அறை மட்டும் பரசுராமனுக்கு விழல. 'அளந்து பாத்தது நீங்க'ன்னு அவன் சொன்னதும், தூக்கின கைய அக்கா தன் கன்னத்துலயே போட்டுக்கிச்சு. சாமி முன்னாடி போட்டுக்கிற மாதிரி இல்ல, நெஜமா. எனக்கு எப்பிடிப் போடுமோ அப்பிடி. ஒண்ணு இல்ல, நாலு. அஞ்சாவதுக்குத் தூக்கும்போது நான் கையப் புடிச்சிக்கினேன்."